குழித்தறியில் உட்கார்ந்த மனம்

‘நினைக்கிறேன்’ என்று நாம் சொல்வதுண்டு. ஆனால் தலைக்குள் தானாக நடப்பதைச் சொல்ல வரும்போது தமிழ் வாக்கியம் மாறிவிடுகிறது. எனக்குத் தோன்றியது, எனக்குக் கோபம் வந்தது, எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே எழுவாய் நான் இல்லை. வருவது எண்ணம், போவதும் எண்ணம். நான் நான்காம் வேற்றுமை உருபைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிறேன். எண்ணங்களைத் தன்னுடையவை என்று பற்றிக்கொள்ளாமல், வந்து போகிறவையாகப் பார்க்க வேண்டும் என்று தியான ஆசிரியர்கள் பல வாரம் பாடம் நடத்துகிறார்கள். அந்தப் பாடத்தின் முதல் பக்கம் நம் பேச்சிலேயே இருக்கிறது.

இன்னொரு சொல் ‘விடு’. கையில் இருப்பதைக் கைவிடுவது அதன் நேர்ப்பொருள். ஆனால் துணைவினையாக வரும்போது அது வேறு வேலை செய்கிறது. சாப்பிட்டுவிட்டேன், கொடுத்துவிட்டேன், சொல்லிவிட்டேன் என்னும்போது, தொடங்கியது முடிந்தது என்று முத்திரை வைக்கிறோம். மனநிம்மதிக்காக எண்ணங்களை விடுங்கள் என்கிற பேச்சு எங்கும் கேட்கிறது. 2024 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை, டிசம்பர் 21ஐ உலகத் தியான நாளாகவே அறிவித்துவிட்டது. அந்தப் பேச்சில் ‘விடு’வின் முதல் பொருள் மட்டும்தான் இருக்கிறது. முடித்தல் என்கிற இரண்டாவது பொருள் அதில் காணோம். அது விடுபட்டுப் போனதால் என்ன ஆகிறது என்பதை ஆரணியை வைத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

ஆரணி ஏன்? கமண்டல நாகநதிக் கரையில், திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் ஊர். பொன்னி அரிசிக்கும் பட்டுக்கும் பேர் போனது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ‘சும்மா இருப்பது’ எப்படி என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த திருவண்ணாமலை சுமார் அறுபது கிலோமீட்டர் தொலைவில். தியானத்துக்கு வேண்டிய வெளித்தோற்றம் எல்லாம் அமைந்த தொழில் ஒன்று இங்கே பல வீடுகளில் நடக்கிறது. ஒரே இடத்தில் உட்காருவது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, ஒரே தாள ஓசை. நெய்வதே தியானம் என்றால், நெசவாளரே நாட்டில் மிக நிம்மதியானவராக இருக்க வேண்டும். அப்படியில்லை என்பது அந்தத் தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும்.

குழித்தறியில் உட்காருவது என்றால், தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, குழியின் விளிம்பில் அமர்வது. கீழே கால் மிதிக்கிறது. பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. இடையில் நாடா ஓடுகிறது. அதற்குள் இருக்கும் தாரிலிருந்து ஊடை இழை அவிழ்ந்து குறுக்கே படுக்கிறது. அச்சு வந்து அதை அடித்து நெருக்குகிறது. தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. துளையிட்ட அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி, எந்த இழை எழும்ப வேண்டும் என்று கட்டளையிடுகின்றன. ஒரு அங்குலத்தில் இந்தச் சுற்று எத்தனையோ முறை நடக்கிறது. ஒரு புடவைக்கு நாட்கணக்கில் நடக்கிறது.

வெளியூரிலிருந்து வருகிறவர் இதைப் பார்த்ததும் “இதுதான் சார் தியானம்” என்கிறார். புகைப்படமும் எடுத்துக்கொள்கிறார். எனக்கு இதில் பாதி சம்மதம்தான்.

ஹங்கேரியில் வேர்கொண்ட அமெரிக்க உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி, வேலையில் கரைந்துபோகும் நிலையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1990இல் நூலாக எழுதினார். அறுவை மருத்துவர், மலையேறுபவர், சதுரங்கம் ஆடுபவர் எல்லோரும் சொன்ன நிபந்தனைகள் ஏறத்தாழ ஒன்றே. இலக்கு தெளிவாக இருக்க வேண்டும். செய்தது சரியா தப்பா என்று உடனே தெரிய வேண்டும். வேலையின் கடினம் கைத்திறனுக்குச் சமமாக இருக்க வேண்டும். தறியில் முதல் இரண்டும் உண்டு. மூன்றாவதில்தான் சிக்கல். இருபது ஆண்டுகள் நெய்த கைக்குப் புடவையின் வெறும் உடல் பகுதி எந்தச் சவாலும் இல்லை. அங்கே கை தன்பாட்டுக்கு நெய்கிறது. மனம் வட்டிக்காரர் வீட்டுக்குப் போய்விடுகிறது, மகளின் கல்லூரிக்குப் போகிறது, நேற்றுக் கேட்ட ஒரு சுடுசொல்லுக்குப் பதில் தயாரிக்கிறது. இழை அறுந்தால், கரையும் உடலும் சேரும் இடத்தில் நிறம் பிசகினால், புது டிசைனுக்கு அட்டை மாற்றினால், மனம் ஓடிவந்து விரல்நுனியில் உட்காரும். ஆக, தறி மனத்தை நிறுத்தவும் செய்கிறது, அலையவிடவும் செய்கிறது. நெசவே தியானம் என்பது அதில் உட்காராதவர் சொல்லும் பேச்சு.

அலைவது மகிழ்ச்சியைக் குறைக்கிறதா? ஹார்வர்டைச் சேர்ந்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010இல் இதை அளந்து பார்த்தார்கள். 2,250 பேரின் கைபேசிக்கு நாளில் சில தடவை எதிர்பாராத நேரத்தில் கேள்வி போகும்: இப்போது எப்படி உணர்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள், செய்வதை விட்டு வேறெதையாவது நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? கேட்ட நேரங்களில் 46.9 விழுக்காட்டில் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி இருந்தபோது மக்கள் மகிழ்ச்சி குறைந்தே இருந்தார்கள். இனிய நினைவில் அலைந்தவர்கூட, செய்கிற வேலையில் இருந்தவரைவிட மகிழ்ச்சியாக இல்லை. என்ன செய்கிறோம் என்பதைவிட, மனம் எங்கே இருக்கிறது என்பதே அந்த நேரத்து நிம்மதியை அதிகம் தீர்மானித்தது. அலைச்சல் முந்தி வருகிறது, சோர்வு பின்னால் வருகிறது என்பதையும் நேர வரிசையை வைத்துக் காட்டினார்கள்.

சரி, அலையாமல் சும்மா உட்காரலாம் என்றால் அதுவும் லேசில்லை. 2014இல் டிமதி வில்சனும் கூட்டாளிகளும் ஆட்களை ஒரு வெற்று அறையில் கால்மணி நேரம் தனியே விட்டார்கள். செய்ய ஒன்றும் கிடையாது. வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்தித் தனக்கே மின்னதிர்ச்சி கொடுத்துக்கொள்ளலாம். காசு கொடுத்தாவது அதைத் தவிர்ப்பேன் என்று முன்பு சொன்னவர்களிலேயே 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்தினார்கள். தன் மனத்தோடு தனியாக இருப்பதைவிட ஷாக் அடிப்பது மேல்! இந்தக் கணக்கில் ஆண்கள் நிலைமை பற்றி வீட்டுப் பெண்களிடம் கேட்டால் ஆய்வே தேவைப்பட்டிருக்காது.

நம் பக்கத்தில் இந்தக் கேள்வி பழையது. பதஞ்சலி யோகத்தை வரையறுத்ததே மன ஓட்டங்கள் அடங்குவது என்றுதான். திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் எட்டுறுப்பு யோகத்தைத் தமிழில் விரிக்கிறது. இவற்றைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். ஆரணியைச் சுற்றியே மூன்று வகை ‘விடுதல்’ இருப்பதைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன்.

முதலாவது சமணருடையது. ஆரணி, போளூர், வந்தவாசி, செய்யாறு வட்டாரங்களில் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழ்கிறார்கள். போளூருக்கு அருகே திருமலையில், இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரால் விளங்கும் சினாலயம் இருக்கிறது. அங்கேயே பாறையில் செதுக்கிய நேமிநாதர் ஏறத்தாழ பதினாறு அடி உயரத்தில் நிற்கிறார். கைகள் பக்கவாட்டில் தொங்குகின்றன, எதையும் பிடிக்கவில்லை. அந்த நிலைக்குக் காயோத்சர்க்கம் என்று பெயர். உடலை விடுதல் என்றே பொருள். மனத்தை விடு என்று தொடங்காமல் உடம்பிலிருந்து தொடங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது. இல்லறத்தாருக்கு அவர்கள் வைத்திருக்கும் சாமாயிகம் 48 நிமிடம், ஒரு முகூர்த்தம். துறவிக்கு வாழ்நாள் முழுக்க, குடும்பத்தாருக்கு ஒரு முகூர்த்தம் என்று அளந்து கொடுத்ததில் நடைமுறை அறிவு தெரிகிறது.

இரண்டாவது, அப்பைய தீட்சிதர். ஆரணிக்கு அருகிலுள்ள அடையபலத்துக்காரர், 16ஆம் நூற்றாண்டு. வேலூர் சின்ன பொம்ம நாயக்கரின் ஆதரவில் வாழ்ந்த பெரும் வடமொழிப் புலவர். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் அவர் பெயரில் சொல்லப்படுகின்றன. அவரைப் பற்றி ஒரு மரபுக்கதை உண்டு. விழிப்போடு இருக்கும்போது சிவனை நினைப்பது பெரிய காரியமில்லை, புத்தி தடுமாறும்போது உள்ளிருந்து என்ன வரும் என்று அவருக்குச் சந்தேகம் வந்ததாம். ஊமத்தைச் சாற்றைக் குடித்தார். நான் உளறுவதையெல்லாம் எழுதுங்கள் என்று சீடர்களிடம் சொல்லிவைத்தார். வந்தது ஆத்மார்ப்பண ஸ்துதி, தன்னையே ஒப்படைக்கும் ஐம்பது சுலோகங்கள். கதை நடந்ததோ இல்லையோ, கேள்வி கூர்மையானது. பிடியைத் தளர்த்தினால் மேலே மிதந்துவருவது எது? இன்றைய மூளை ஆய்வாளர்களுக்கும் கிட்டத்தட்ட இதே கேள்விதான். வேலை எதுவும் இல்லாதபோது மூளையின் சில பகுதிகள் கூடிக்கொண்டு சுறுசுறுப்பாகின்றன என்பதை மார்க்கஸ் ரெய்க்கிள் குழு 2001இல் எடுத்துக்காட்டியது. அங்கே ஓடுவதில் பெரும்பகுதி ‘நான், எனக்கு, என்னை’ பற்றியது. நெடுங்காலம் தியானம் செய்தவர்களிடம் அந்த வலைப்பின்னலின் முக்கிய முனைகள் அமைதியாக இருந்ததை ஜட்சன் ப்ரூவரின் குழு 2011இல் கண்டது. (ஊமத்தை நஞ்சு. இந்தச் சோதனையை யாரும் வீட்டில் செய்துபார்க்க வேண்டாம்.)

மூன்றாவது, ரமணர். பதினாறு வயதுச் சிறுவன் வெங்கடராமன் 1896 செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலையில் ரயிலிலிருந்து இறங்கினான். விழுப்புரம்–காட்பாடித் தடம் அது. இன்னும் வடக்கே போனால் அதே தடத்தில் களம்பூரில் ‘ஆரணி ரோடு’ நிலையம் வரும். ஆரணிக்குள் ரயில் வராததால் வந்த பெயர். 1901–02 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேள்விகளை எழுதிக் காட்ட, பேசாதிருந்த அந்த இளைஞர் மணலிலும் பலகையிலும் விடை எழுதினார். அது பின்னாளில் ‘நான் யார்?’ என்று அச்சானது. மகிழ்ச்சி பற்றி அதில் இருக்கும் கருத்து இன்றைய சுயமுன்னேற்ற நூல்களைவிடத் துணிச்சலானது. பொருளில் இன்பமில்லை. ஆசைப்பட்டது கிடைத்ததும் மனம் ஒரு கணம் ஓய்ந்து தன்னிடத்துக்குத் திரும்புகிறது. அந்த ஓய்வைத்தான் பொருள் தந்ததாக நினைத்து ஏமாறுகிறோம் என்கிறார்.

வழி? எண்ணம் எழுந்தால் அதன் பின்னால் போகாதே, அதோடு சண்டையும் போடாதே, இது யாருக்கு வந்தது என்று கேள். நான்காம் வேற்றுமையைப் பிடித்துக்கொண்டு அது யார் என்று தேடச் சொல்கிறார்! எண்ணங்கள் தீராமல் வந்துகொண்டே இருக்குமே என்றால், கோட்டைக்குள் இருக்கும் எதிரிகள் வெளியே வர வர வீழ்த்தினால் கோட்டை கைக்கு வரும் என்று உவமை சொல்கிறார். ஆரணிக்காரருக்கு இந்த உவமை எளிதில் புரிய வேண்டும். 1751இல் கிளைவ் சண்டையிட்டதும், 1782இல் ஹைதர் அலிக்கும் ஐர் கூட்டுக்கும் போர் நடந்ததும் இந்த ஊர்க் கோட்டையை ஒட்டித்தான். ரயிலில் ஏறிய பின்னும் மூட்டையைத் தலையில் சுமப்பானேன் என்பது அவருடைய இன்னொரு உவமை.

இங்கே ஒரு சங்கடமான செய்தியையும் சொல்லியாக வேண்டும். பாதாள லிங்கக் குகையில் அவர் உடலை மறந்து உட்கார்ந்திருந்தபோது, பூச்சி கடித்துத் தொடை புண்ணாயிற்று. மற்றவர்கள்தான் தூக்கி வந்தார்கள், வாயில் உணவை ஊட்டினார்கள். விட்டவருக்குப் பின்னால், விடாமல் பார்த்துக்கொண்ட சிலர் இருந்தார்கள். தறிக்காரர் விட்டால் பின்னால் யார்?

அதனால்தான் நான் வேதாத்திரி மகரிஷிக்கு வருகிறேன். அவர் தறியிலிருந்து வந்தவர். 1911 ஆகஸ்ட் 14இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். பள்ளி தொடக்க வகுப்புகளோடு நின்றுபோனது. சிறுவயதிலேயே தறியில் உட்கார்ந்தார். பிறகு நெசவுத் தொழிலையே பெரிதாக நடத்தினார், மருத்துவம் படித்தார், தியானம் கற்றார். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொள்ளாச்சிக்கு அருகே ஆழியாறில் அறிவுத் திருக்கோயில் எழுந்தது. 2006 மார்ச் 28இல் மறைந்தார். தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூட அவர் வகுத்த மனவளக்கலையின் மன்றப் பலகையைப் பார்க்கலாம். ‘வாழ்க வளமுடன்’ என்று வணக்கம் சொல்லும் சர்க்கரை நோயாளி ஒருவராவது எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்.

ஆக்கினை, சாந்தி, துரியம் என்று அவர் கற்றுத்தந்த தவங்கள் குண்டலினி மரபைச் சேர்ந்தவை. அவற்றின் தத்துவ விளக்கத்தில் எனக்கு ஐயங்கள் உண்டு. ஆனால் தவத்தோடு அவர் கட்டிவைத்த ‘அகத்தாய்வு’ ஒரு கணக்குப் புத்தகம். எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், நான் யார் என்று அதற்கு ஐந்து படி. ரமணர் எடுத்த எடுப்பில் கேட்ட கேள்வி இங்கே கடைசியில் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணம் எழுவதற்கு ஆறு காரணம் சொல்கிறார்: தேவை, பழக்கம், சூழ்நிலை நிர்ப்பந்தம், பிறர் மனத்தூண்டுதல், கருவமைப்பு, தெய்வீகம். ரமணரோ, குப்பையென்று தள்ளப் போவதை எண்ணிப் பார்த்து ஆவதென்ன என்பார். அவர் அதைச் சொன்னது தத்துவங்களின் கணக்கைப் பற்றி என்றாலும், இருவருடைய குணமும் அங்கே பிரிந்துவிடுகிறது. ஒருவர் அப்படியே கூட்டித் தள்ளுகிறார், மற்றவர் தரம் பிரிக்கிறார்.

கவலையை அவர் பிரித்த விதத்துக்காகவே நான் அவரை இந்தக் கட்டுரைக்கு இழுத்தேன். அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை என்று நான்கு பட்டியல். காகிதத்தை எடுத்து எழுதச் சொல்கிறார். கூலிக்காரருக்குச் சனிக்கிழமை பட்டுவாடா செய்த மனிதரின் மூளை இது. ‘விடு’வின் இரண்டு பொருளும் இதற்குள் இருக்கிறது. அலட்சியம் செய்ய வேண்டியதைக் கைவிடு, உடனே தீர்க்க வேண்டியதை முடித்துவிடு.

எழுதிவைப்பதால் என்ன ஆகும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் 2011இல் இதைச் சோதித்தார்கள். முடியாத வேலை ஒன்று மனத்தில் கிடந்தால் அது படிக்கும்போதும் குறுக்கிடும். ஆனால் அந்த வேலையை எப்போது, எப்படி முடிப்பேன் என்று திட்டம் எழுதவைத்தபோது, வேலை முடியாமலே அந்தக் குறுக்கீடு அடங்கிவிட்டது. மனம் கேட்பது முடிவைக்கூட அல்ல, முடிவுக்கு ஒரு தேதியை.

எண்ணத்தை அப்படியே அமுக்கிவிட்டால் என்ன? மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். குரங்கு வராமல் அந்த நோயாளி ஒரு வேளைகூட மருந்து குடிக்கவில்லை. டேனியல் வெக்னர் 1987இல் இதையே வெள்ளைக் கரடியை வைத்துச் செய்தார். கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு அது வந்துகொண்டே இருந்தது. பிறகு நினைக்கலாம் என்று அனுமதி கொடுத்தபோது, முதலிலேயே அனுமதி பெற்றவர்களைவிட அதிகமாக வந்தது. அதனால்தான் ரமணரிலிருந்து விபாசனா ஆசிரியர் கோயங்கா வரை யாரும் அமுக்கச் சொல்லவில்லை. சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்மசேதுவில் பத்து நாள் பேசாமல் உட்காருகிறவர்களுக்குச் சொல்லப்படுவதும், மூச்சையும் உடல் உணர்வையும் கவனி, மனம் ஓடினால் அறிந்து திரும்பு என்பதுதான். ஓடியதற்காக வருந்தவும் வேண்டாம். திரும்புவதே பயிற்சி. பத்து நிமிடத்தில் ஐம்பது தடவை திரும்பினேன், எனக்குத் தியானம் வரவில்லை என்று புலம்புகிறவர் உண்மையில் ஐம்பது தடவை பயிற்சி செய்திருக்கிறார்.

பலன் எவ்வளவு? இங்கே விளம்பரத்துக்கும் ஆய்வுக்கும் இடையே பெரிய இடைவெளி. ஜான் கபாட்-சின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கு எட்டு வாரப் பயிற்சியைத் தொடங்கியதிலிருந்து ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்துவிட்டன. கோயல் குழு 2014இல் அவற்றைச் சல்லடை போட்டது. தரமான சோதனைகளாகத் தேறியவை 47, பங்கேற்றவர்கள் 3,515 பேர். பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகிய மூன்றிலும் சிறிது முதல் நடுத்தர அளவு முன்னேற்றம் இருந்தது. மகிழ்ச்சி போன்ற நல்லுணர்வுகள் கூடுகின்றன என்று சொல்லச் சான்று போதவில்லை. உடற்பயிற்சி, மருந்து போன்ற வேறு சிகிச்சையைவிட மேல் என்பதற்கும் சான்றில்லை. தியானம் துன்பத்தைக் கொஞ்சம் குறைக்கிறது, இன்பத்தைக் கூட்டுகிறதா என்பது திறந்த கேள்வி என்றுதான் இதை நான் படிக்கிறேன். பெரிய ஆனந்தம் தருவதாகப் பணம் வாங்குகிறவர்களுக்கு இது பிடிக்காது.

குறிப்பிட்ட சிலருக்குப் பலன் கூடுதல். டீஸ்டேல் குழு 2000இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று தடவையோ அதற்கு மேலோ மனச்சோர்வு நோய்க்கு ஆளாகி மீண்டவர்களில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 66 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. எண்ணத்தை எண்ணமாகப் பார்க்கும் பயிற்சியும் பெற்றவர்களில் 37 விழுக்காட்டினருக்குத்தான் திரும்பியது. பழைய எண்ணச் சுழலில் மறுபடி மறுபடி விழுகிறவர்களுக்கு அது கைகொடுக்கிறது. எல்லோருக்கும் பொதுவாக ஊட்டினால்? பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2022இல் வந்தது. வழக்கமான வகுப்புகளைவிட எந்த நன்மையும் இல்லை. நீண்டகாலப் பயிற்சியாளர்களிடம் லிண்டால், பிரிட்டன் குழு 2017இல் வெளியிட்ட நேர்காணல் ஆய்வு, தூக்கமின்மை, அச்சம், தான் இல்லாததுபோல் கலங்குவது எனப் பல இடர்களைப் பதிவு செய்தது. ஆக, தியானத்தில் உட்கார உட்கார மனம் கலங்குகிறது என்றால், இன்னும் ஆழமாக உட்காரு என்று சொல்கிற ஆசிரியரைவிட மருத்துவர் மேல். அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது.

இனி வட்டிக்காரர் வீட்டுக்குப் போன மனத்துக்கு வருவோம்.

ஆரணியில் தறி வைத்திருப்பவர் எல்லோரும் சொந்தமாக நெய்து விற்பவரல்ல. முதலாளி பட்டும் ஜரிகையும் டிசைனும் கொடுப்பார், நெய்து கொடுத்தால் கூலி. கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று வாங்கிய முன்பணம் கூலியில் கழியும், அல்லது கழியாமல் நிற்கும். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறும், பாவு நமத்துப்போகும், தறி நிற்கும், கூலியும் நிற்கும். விசைத்தறிப் புடவை பட்டென்ற பெயரில் கடையில் விலை இறக்கும். 2019–20 அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நெசவுக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதித்தன. இந்தக் குடும்பத்தில் காலை நான்கு மணிக்கு விழிப்பவருக்கு வரும் எண்ணத்தை ‘வெறும் எண்ணம்’ என்று சொல்ல முடியுமா?

இதற்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஆய்வு ஒன்று, வேடிக்கையாக, இந்த மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் சாவ் நால்வரும் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 ஊர்களின் 464 கரும்பு விவசாயிகளை 2010இல் இரண்டு தடவை சோதித்தார்கள். கரும்புப் பணம் ஆண்டுக்கு ஒரு முறை வருவது. அறுவடைக்கு முன் கை வறண்டிருக்கும். அப்போது 78 விழுக்காட்டினர் ஏதாவது அடகு வைத்திருந்தார்கள். பணம் வந்த பின் அது 4 விழுக்காடு. அதே ஆள், அதே மூளை. ஆனால் கவனத்தையும் தர்க்கத்தையும் அளக்கும் சோதனைகளில் அறுவடைக்கு முன் மோசமாகவும் பின் நன்றாகவும் செய்தார்கள். 2013இல் வெளியான இந்த முடிவின் புள்ளியியலைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. ஆனால் அடகுச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தறியில் உட்கார்ந்தவர் யாரும் அந்த முடிவைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார். கடன் என்பது காலியிடம் கிடைத்தபோதெல்லாம் புகுந்துகொள்ளும் எண்ணம். மூச்சைக் கவனித்து உட்காருகிறவரின் மனம் அலைவது பெரும்பாலும் பழக்கத்தால். இங்கே அலைவது தேவையால். வேதாத்திரி பட்டியலில் இவை இரண்டும் வெவ்வேறு வரிகள்.

இப்படிச் சொன்னவுடன், அப்படியானால் ஏழைக்குத் தியானம் வீண், முதலில் கடனை அடைக்கட்டும் என்று சிலர் கிளம்புவார்கள். அதுவும் அவசரம். கடன் அடைந்த அன்று கவலை அடைவதில்லை. கடன் போன இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் புது வண்டி வந்து உட்காருவதை நாம் பார்த்திருக்கிறோம். தவிர, ஒரே கடன் ஒரு நாளில் இரண்டு வேலை செய்கிறது. காலையில் அது கணக்கு: யாரிடம் பேச வேண்டும், கூட்டுறவுச் சங்கத்தில் கேட்கலாமா, எந்த நகையை மீட்கலாம். அதை நினைத்தே ஆக வேண்டும், எழுத வேண்டும், தேதி போட வேண்டும். அதே கடன் நள்ளிரவில் கணக்காக வருவதில்லை. அவமானமாக வருகிறது, பழைய பேச்சாக வருகிறது, நான் உருப்படாதவன் என்ற ஒரே வாக்கியமாகச் சுற்றுகிறது. அந்த நேரத்தில் அது எந்த வட்டியையும் குறைப்பதில்லை. யாருக்கு வந்தது என்று ரமணர் கேட்கச் சொன்னது அந்த வாக்கியத்துக்குத்தான் பொருந்தும் என்று நினைக்கிறேன். காலைக் கணக்கையும் விடச் சொல்வதும், இரவுச் சுழலையும் யோசனை என்று நம்புவதும்தான் குழப்பம்.

எனக்கு ஆரணியில் ஒரு சோதனை நடத்தும் வாய்ப்புக் கிடைத்தால், நெசவுக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரிப்பேன். ஒரு குழுவுக்கு ஆறு மாதம் தினமும் காலையில் அரை மணி நேரம் தவம். இன்னொரு குழுவுக்குத் தவம் கிடையாது. முன்பணக் கடனை வட்டியில்லாத கடனாக மாற்றி, மழை மாதங்களுக்கு ஒரு சிறு கூலி உறுதி. மூன்றாவது குழுவுக்கு இரண்டும். நாளில் நாலு தடவை கைபேசி மணி அடிக்கும்: இப்போது கை எங்கே, மனம் எங்கே? இரவு எத்தனை மணிக்கு விழித்தீர்கள் என்று மறுநாள் காலையில் ஒரு கேள்வி. எந்தக் குழு ஜெயிக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு, அதை முன்கூட்டிச் சொன்னால் ஆய்வு கெட்டுவிடும். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லலாம். குலுக்கல் நாளன்று, எனக்குத் தவம் மட்டும் போதும் என்று கேட்டு வரும் தறிக்காரர் யாராவது இருந்தால், அவரைச் சோதனையில் சேர்க்கக் கூடாது. தறிக்குப் பக்கத்தில் ஒரு பாயைப் போட்டு உட்கார்ந்து, அவரிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.